குளத்தின் ஆழமும் பறவையின் காலும்

மார்கழியிலும் தையிலும் நாஞ்சில் நாட்டுக்கு விடுமுறை கழிக்க வருகிறவர்கள் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கிறார்கள், பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறார்கள், திற்பரப்பில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். உதயமும் அரண்மனையும் ஆண்டு முழுவதும் இருப்பவை. இந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டுமே உரிய காட்சி ஒன்று, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. சுசீந்திரம் குளத்தைத் தாண்டும்போது எந்த வண்டியும் வேகத்தைக் குறைப்பதில்லை. கரையில் இறங்கி அரைமணி நேரம் நின்றால், மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் முட்டையிலிருந்து வெளிவந்த உயிர்கள் தாமரை இலைகளுக்கு நடுவே மேய்வதைப் பார்க்கலாம்.

நாஞ்சில் நாட்டுக் குளிர்காலம் குளிராத காலம். கரையோரப் பகுதிகளில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ‘அங்கே குளிர் தாங்க முடியாமல் பறவைகள் இங்கே வருகின்றன’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அது பாதி உண்மை. வாத்தின் இறகுக்குக் குளிர் பெரிய விஷயமில்லை. உள்ளிறகுகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் காற்று உடல் சூட்டை வெளியே விடாது. காலுக்குப் போகும் சூடான இரத்தமும் காலிலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே ஓடும் நாளங்களில் வெப்பத்தை மாற்றிக்கொள்வதால், பனிக்கட்டியின் மீது நின்றாலும் உடல் சூடு கால்வழியே வீணாவதில்லை.

அவற்றை விரட்டுவது பசி. ஏரி உறைந்துவிட்டால் அடியிலிருக்கும் பாசியும் விதையும் வாத்துக்கு எட்டாது. சேறு உறைந்துவிட்டால் உள்ளானின் அலகு இறங்காது. அதோடு பகலும் சுருங்கிவிடுகிறது. வடக்கே 60 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21 அன்று ஆறு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. துருவ வட்டத்துக்கு அப்பால் சூரியனே எழுவதில்லை. 8 டிகிரியில் இருக்கும் நாஞ்சில் நாட்டில் அதே நாளில் ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம் வெளிச்சம் இருக்கிறது. கண்ணால் பார்த்து இரை பொறுக்கும் பறவைக்கு இது இரண்டு மடங்கு வேலை நேரம். 20 முதல் 30 கிராம் மட்டுமே எடையுள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் சமவெளியிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வருவதற்கு உறையாத சேறும் நீண்ட பகலும்தான் கூலி.

உறையாத சேறு தென்னிந்தியாவில் எங்கும் உண்டு. நாஞ்சில் நாட்டில் அது சரியான நேரத்தில், சரியான அளவில் கிடைக்கிறது. அதற்குக் காரணம் மழையும் மனிதரும். நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை இரண்டு என்பதால் நெல்லும் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. மலையில் பெய்ததைப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் பிடித்து வைக்கின்றன. அங்கிருந்து கால்வாய்கள் வழியாகவும் பழையாற்றின் வழியாகவும் தண்ணீர் குளங்களுக்கு வருகிறது. மேல் குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் குளத்துக்குப் போகும். மடையைத் திறந்தால் ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகும். சுருளோடு பக்கத்து மலைகளில் தொடங்கி மணக்குடியில் கடல் சேரும் பழையாறு நீளத்தில் சின்ன ஆறுதான். ஆனால் அதன் தண்ணீர் கடலைக் காண்பதற்குள் எத்தனையோ குளங்களிலும் வயல்களிலும் தங்கித் தங்கிப் போகிறது.

இந்தக் குளங்கள் இயற்கையானவை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே இப்பகுதியின் பசுங்குளம், பெருங்குளம் முதலான குளங்களின் பெயர்கள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக, நெல்லுக்காக வெட்டி, நெல்லுக்காகவே தூர் வாரி, கரை கட்டிக் காத்து வந்தவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூரில், அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய குளம் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 94.23 ஹெக்டேர் பரப்பும், வேம்பனூர் ஈரநிலத் தொகுதி 19.75 ஹெக்டேர் பரப்பும் கொண்டவை. இரண்டுக்கும் 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உலக ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் உழவனின் பாசனக் குளம் இடம்பெற்றிருக்கிறது. சுசீந்திரம் தேரூர் பகுதியில் மட்டும் சுமார் 250 பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 53 வலசை வருபவை.

ஆண்டுச் சுழற்சியை இப்போது பறவையின் பக்கமிருந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பிக் கரை தொடுகிறது. மார்கழிக்குப் பிறகு மழை ஓய்கிறது. கும்பப்பூப் பயிர் கதிர் விடும் பருவத்தில் மடை வழியாகத் தண்ணீர் தொடர்ந்து இறங்குகிறது. நாளுக்கு நாள் நீர்விளிம்பு உள்வாங்க, நேற்று வரை முழங்கால் ஆழமிருந்த இடம் இன்று சேறாகிறது. அந்தச் சேற்றில் புழுவும் நத்தையும் பூச்சிகளின் இளவுயிரிகளும் யாரும் தொடாமல் இருக்கின்றன. அடுத்த வாரம் விளிம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், புதிய சேறு வெளிவரும். குளத்தின் நீர்மட்டம் மாறாமல் இருந்தால் இந்தப் பந்தி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். மடை திறக்கத் திறக்க, மாசி வரைக்கும் குளம் புதிது புதிதாக இலை போடுகிறது.

எந்தப் பறவை எங்கே உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் ஆழம். தேரூர்க் கரையில் நின்று, தண்ணீர் தொடங்கும் இடத்திலிருந்து குளத்தின் நடு வரைக்கும் கண்ணை மெதுவாகக் கொண்டு போனால் இது பாடமாகவே தெரியும். ஈரச் சேற்றில் கொசு உள்ளான் ஓடி ஓடிக் கொத்தும். கணுக்கால் நனையும் நீரில் வயல் உள்ளான். அதற்கு அடுத்து, சிவந்த குச்சி போன்ற கால்களுடன் நெடுங்கால் உள்ளான். வயிறு தண்ணீரைத் தொடும் ஆழத்தில் கருவால் மூக்கன், நீண்ட அலகைக் கண்வரைக்கும் இறக்கித் துழாவும். நாரைகளின் இடம் அதற்கும் உள்ளே. கால் எட்டாத ஆழத்தில் நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை: ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு, கழுத்து எட்டுகிற தூரத்துக்கு அடிமண்ணை அலசும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் முழுவதுமாக மூழ்கும். அரை மீட்டர் ஆழ வித்தியாசத்துக்குள் பத்து வகை இரைத்தேடல் அடங்கிவிடுகிறது. ஒரே குளத்தில் இத்தனை இனங்கள் சண்டையில்லாமல் பிழைப்பதன் இரகசியமும் இதுவே.

அலகைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உள்ளான் இனங்கள் சேற்றைக் குத்துவதைப் பார்க்கிறவர்கள் அது குத்துமதிப்பாகச் செய்யும் வேலை என்று நினைப்பார்கள். அவற்றின் அலகு நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைய உண்டு; ஒவ்வொன்றிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஈர மணலில் அலகை இறக்கும்போது எழும் அழுத்த அலையை வைத்தே, புதைந்திருக்கும் சிப்பியைத் தொடாமல் கண்டுபிடிக்கச் சில இனங்களால் முடியும் என்று டச்சு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். ஏலாக்களின் வரப்போரம் பதுங்கியிருக்கும் கோரை உள்ளானுக்கு இன்னொரு திறமை உண்டு. அலகு முழுவதையும் திறக்காமல், சேற்றுக்குள் நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடித்துவிடும். நத்தைக்குத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அது நத்தையின் ஓட்டை உடைப்பதில்லை. கூர்மையான அலகு நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, முழுதாக இழுத்து எடுக்கிறது.

தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைக் குளிர்காலத்தில் அடையாளம் காணப் பலரும் திணறுவார்கள். புத்தகத்தில் பார்த்த நீண்ட வால் இந்த மாதங்களில் அதற்கு இருக்காது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த இறகுகள் உதிர்ந்துவிடும். மிக நீண்ட விரல்கள் உடல் எடையை இலைமேல் பரப்பிவிடுவதால் அது மூழ்காமல் நடக்கிறது. தாமரை தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் சரக்கும்கூட. ஆனால் தாமரையோ ஆகாயத் தாமரையோ குளம் முழுவதையும் மூடிவிட்டால் வாத்துகளுக்கு இறங்க இடமில்லை. திறந்த நீரும் இலைப்பரப்பும் பங்கு போட்டுக்கொள்ளும் குளமே நல்ல குளம்.

காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் பெரும்பாலானவர்கள் பைனாகுலரை உறையில் போட்டுவிடுவார்கள். நடுப்பகலில் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது: தூங்கும் வாத்துகள். வலசை வாத்துகளில் பல, பகலில் குளத்தின் நடுவே ஓய்வெடுத்து, இருட்டியதும் வயல்களுக்கு மேயப் போகும். கூட்டத்தின் ஓரத்தில் மிதக்கும் வாத்து ஒரு கண்ணைத் திறந்து வைத்துத் தூங்குவதைப் பொறுமையாகப் பார்த்தால் காணலாம். திறந்த கண் வெளிப்பக்கம், ஆபத்து வரக்கூடிய திசையை நோக்கியிருக்கும். 1999இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தது. ஓரத்து வாத்துக்கு மூளையின் பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருந்தது. நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின.

தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பறவை என்று எண்ணுகிறவர்கள், குளங்களைப் பார்த்த கையோடு பேச்சிப்பாறைக்கும் போய்வர வேண்டும். கோதையாற்றின் குறுக்கே, பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின் முன்னின்று, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897 முதல் 1906 வரை கட்டிய அணை அது. நீர்மட்டம் 48 அடி. காட்டின் பச்சை சுற்றிச் சூழ, மாவட்டத்தின் மிக அழகான நீர்ப்பரப்பு. அங்கே நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் காணலாம். உள்ளான் கூட்டத்தைக் காண முடியாது. செங்குத்தான சரிவுகளில் நீர் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. அடிமட்டம் வரை வெளிச்சம் போகாத இடத்தில் நீர்த்தாவரம் வேர்விடாது, தாவரம் இல்லாத இடத்தில் பூச்சியும் நத்தையும் பெருகாது. பேச்சிப்பாறை குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பறவைகளுக்கு அந்தத் தண்ணீரைச் சோறாக மாற்றிக் கொடுப்பவை அரை ஆள் ஆழமுள்ள குளங்கள்.

மாலையில் மணக்குடிக்குப் போகலாம். பழையாறு கடல் சேரும் பொழிமுகத்தில் மழைக்காலத்து வெள்ளம் மணல்திட்டை உடைத்து வழி திறக்கும். மழை குறைந்ததும் அலைகள் மணலைத் தள்ளிப் பொழியை அடைக்கத் தொடங்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தையே தூக்கி எறிந்தது. பறவைகளைப் பொறுத்தவரை நம் கடற்கரைக்கு ஒரு குறை உண்டு. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பல மீட்டர் கடல் உள்வாங்கி மைல்கணக்கில் சேறு தெரியும் குஜராத் கரையைப் போல இங்கே கிடையாது. அந்தக் குறையைப் பக்கத்திலிருக்கும் புத்தளம் உப்பளங்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. விரலளவு ஆழத்தில், பாத்திக்குப் பாத்தி உப்பு ஏறிக்கொண்டே போகும் நீர். மீன் வாழ முடியாத உப்பில் பாசியும் நுண்ணிய இறால் வகைகளும் பெருகுகின்றன. சில ஆண்டுகளில் இங்கே இறங்கும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு, அந்த இரையில் உள்ள நிறமிகளிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் தெரிபவை வேறு இனம் அல்ல. இன்னும் நிறம் ஏறாத இளம் பறவைகள்.

இருட்டிய பிறகும் இந்தப் பறவைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏராளம் இருக்கிறது. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. சூரியன், பூமியின் காந்தப்புலம், விண்மீன்கள் மூன்றையும் திசைகாட்டியாகக் கொள்கின்றன. விண்மீன் திசைகாட்டியை நிரூபித்தவர் ஸ்டீபன் எம்லென் என்ற அமெரிக்கர். 1960களில் அவர் சிறு பறவைகளைக் கோளரங்கத்துக்குள் வைத்து, செயற்கை வானத்தைச் சுழற்றிப் பார்த்தார். வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தப் புள்ளியையே குஞ்சுகள் வடக்கு என்று கற்றுக்கொள்கின்றன என்பது தெரிந்தது. ஒரு சோதனையில் அவர் துருவ நட்சத்திரத்தை விட்டுவிட்டு, வானத்தைத் திருவாதிரையைச் சுற்றிச் சுழலவிட்டார். அந்த வானத்தின்கீழ் வளர்ந்த பறவைகள் இலையுதிர்காலம் வந்ததும் திருவாதிரைக்கு எதிர்த்திசையில், அதுவே தெற்கு என்று நம்பி, பறக்கத் துடித்தன. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழா நிறைவடைவது இந்தத் திருவாதிரை நாளில்தான்.

நாஞ்சில் நாட்டு வானத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து வெறும் எட்டு டிகிரி உயரத்தில் இருக்கிறது. வடக்கே மலையிருப்பதால் பல ஊர்களில் அது கண்ணுக்கே படாது. தெற்கிலோ, அகத்தியர் என்று நாம் சொல்லும் விண்மீன் தை மாத இரவில் கடலுக்கு மேலே 29 டிகிரி வரை ஏறுகிறது. சைபீரியாவிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. இங்கே வந்து சேரும் பறவை, தான் பிறந்த ஊரில் இல்லாத நட்சத்திரங்களின்கீழ்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மாசிக்குப் பிறகு வடக்கே திரும்பும்போது துருவ நட்சத்திரம் ஒவ்வோர் இரவும் சற்றே மேலேறும்.

திரும்பும் நாளை அது எப்படி அறிகிறது? இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. பகல் நீள்வதை வைத்து வசந்தத்தைக் கணிப்பது நிலநடுக்கோட்டருகே கடினம். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் கதிர்க்குருவி இனங்களை, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாறாத அறையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். வெளியே என்ன மாதம் என்று தெரியாத நிலையிலும் அவை ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை கொழுப்புச் சேர்த்து, இரவில் இறக்கையடித்துத் தவித்தன. அவற்றின் உடலுக்குள்ளேயே ஒரு பஞ்சாங்கம் ஓடுகிறது.

அந்தப் பஞ்சாங்கம் புறப்படச் சொல்வதற்கு முந்தைய வாரங்களே இவற்றின் வாழ்வில் முக்கியமானவை. பயணத்துக்கு எரிபொருள் கொழுப்பு. 2022 அக்டோபரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் கடந்தது. நம் குளத்துப் பறவைகள் அப்படி ஒரே மூச்சில் போவதில்லை, ஆனால் கணக்கு ஒன்றுதான்: மாசி முடிவதற்குள் போதிய கொழுப்பு சேராவிட்டால் வழியில் சாக நேரிடும், அல்லது தாமதமாகப் போய்ச் சேர்ந்து கூடு கட்டும் காலத்தைத் தவறவிட நேரிடும். கரையில் வெடிக்கும் ஒரு பட்டாசு, படம் எடுக்கக் கூட்டத்தைக் கிளப்பிவிடும் ஒரு கல், தாழப் பறக்கும் ட்ரோன் ஒவ்வொன்றும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. படகு வேண்டுமானால் ஆழமான நீர்நிலைகளில் ஓட்டலாம். தேரூரிலும் வேம்பனூரிலும் கரையில் நிற்பதே போதும்.

குளங்களை ‘அழகுபடுத்தும்’ திட்டங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தூர் வார வேண்டும். விவசாயிக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் மடையருகிலும் நடுவிலும் ஆழப்படுத்திவிட்டு, உள்வாயின் சரிவான ஓரங்களை அப்படியே விட வேண்டும். சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, சிமெண்டுச் சுவர் எழுப்பி, நடைபாதையும் விளக்கும் போட்டால், தண்ணீர் இருக்கும், சேறு இருக்காது. கொசு உள்ளானுக்கு அந்தக் குளம் பேச்சிப்பாறைதான். சாலைக்கும் வீட்டுமனைக்கும் குளத்தின் ஒரு மூலையை எடுக்கும்போதும் முதலில் போவது இந்த ஆழமில்லாத ஓரமே. வயல் போனால் மடை திறக்க ஆளில்லை, மடை திறக்காவிட்டால் சேறு வெளிவராது. ஆகவே கும்பப்பூ நெல்லைக் காப்பாற்றாமல் ராம்சர் பலகையை மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் தையில் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நின்றால் பறவைகள் தாமாகவே நெருங்கி வரும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. 2015இலிருந்து பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. இதில் சேர நிபுணராக இருக்க வேண்டியதில்லை: பதினைந்து நிமிடம் பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் இடத்தின் பெயரோடு பதிந்தால் போதும். சுசீந்திரம் குளத்துக்குப் பதியுங்கள், தேரூருக்குப் பதியுங்கள், பட்டியல் எதிலும் இடம்பெறாத உங்கள் ஊர்க் குளத்துக்கு முதலில் பதியுங்கள்.